கொலோனில் நான் ஆப்கானிஸ்தானத்தின் மீது படையெடுத்த கதை

“அக்கா, எங்களுக்கு அவசரமா ஒரு இந்தியா தேவைப்படுது. நீங்கள் வாறியளோ?”

நடராஜா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, நான் பான் நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு ஜெர்மானியரின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதப் பயிற்சிக்கென்று திருச்சியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். எழுபத்து நான்காம் வருடத்துப் பிப்ரவரி. வேலை முடிந்தால் ஹீட்டர் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லாத காலம் அது.

நடராஜா யாழ்ப்பாணத்துக்காரன். கொலோனில் பொறியியல் படிக்கிறான். பொங்கலன்று பானில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடியபோது அறிமுகம். என் எலுமிச்சை ஊறுகாயை ருசி பார்த்ததிலிருந்து அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டான்.

“இந்தியாவா? ஏம்பா, நான் என்ன மேப்பா?” என்றேன்.

“பகிடி இல்லை அக்கா. இது கரீம்ட கல்யாண விசயம். நீங்கள் வராட்டி அவன்ட வாழ்க்கை போச்சு.”

கரீம் அவனுடைய அறைத்தோழன். காபூல்காரன். சாலை போடும் பொறியியல் படித்தவன். பெர்லினில் இருந்தபோது மோனிகா என்ற ஜெர்மன் பெண்ணோடு பழக்கமாகிவிட்டது. அவள் அங்கே நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பா அம்மா கொலோனில். அவர்கள் மனத்தைப் பிடிக்க இந்த மகாராசன் அவர்கள் வீட்டு மாடியறைக்கே போன இலையுதிர்காலத்தில் வாடகைக்குக் குடிவந்துவிட்டான். பக்கத்துக் கட்டில் நடராஜாவுக்கு. வந்து சில மாதம் நல்ல பிள்ளையாக இருந்து, மாடிப்படியெல்லாம் துடைத்து, கடைசியில் ஒருநாள் பெண் கேட்டும்விட்டான்.

பெண்ணின் அப்பா ஷ்மிட்ஸ், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “உன் நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே. போன கோடையில் உங்கள் ராஜா இத்தாலிக்கு வைத்தியத்துக்குப் போனார், திரும்பி வருவதற்குள் நாற்காலி போய்விட்டது என்று செய்தியில் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு என் ஒரே பெண்ணை எப்படி அனுப்புவேன்? வியாழக்கிழமை எங்கள் சங்கக் கூடத்துக்கு வா. மேடை இருக்கிறது, ஜனங்களும் வருவார்கள். உன் நாட்டுக் கதையைச் சொல். நான் தூங்காமல் கேட்டேன் என்றால் மேற்கொண்டு பேசலாம்” என்றிருக்கிறார்.

கரீம் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டான். இரண்டாயிரம் வருட வரலாற்றையும் நாடகமாகவே போடுவதென்று முடிவு. ஆள்தான் பற்றவில்லை; அதிலும் இந்தியாவாக நடிக்க ஒருவரும் இல்லை.

எனக்கு ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் மூக்கை நுழைக்க எப்போதுமே பிடிக்கும். ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரிடம் லீவு கேட்டேன். “தாராளமாகப் போங்கள். வியாழக்கிழமை முதல் இங்கே எவனும் வேலை செய்யப்போவதில்லை” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கொலோன் போய்ச் சேர்ந்தேன். டிராமில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் பெட்டியும் கையுமாகக் கதவருகே நின்றேன். கதவு திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் நின்றேன், திறக்கவில்லை. இந்த ஊரில் கதவுக்கும் என்மேல் என்ன கோபம் என்று பார்த்தால், பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்க வேண்டுமாம். அமுக்கிக் காட்டியது ஒரு நாய்க்காரக் கிழவி. நம்மூர் பஸ்ஸில் கதவே கிடையாது; இறங்கு என்று கண்டக்டர் முதுகில் கைவைக்காத குறையாகத் தள்ளிவிடுவார். இங்கே நாமே கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். வந்த வழியே பனியில் சறுக்கிச் சறுக்கி நடந்தேன்.

பசி உயிர் போயிற்று. நடராஜா ஒரு மதுக்கடைக்குக் கூட்டிப்போனான். சாப்பாட்டுப் பட்டியலில் ‘அரைக் கோழி’ என்று போட்டிருந்தது. ஆகா, கொண்டு வா என்றேன். அரை மணி கழித்து ஒரு கறுப்பு ரொட்டியும் அதன்மேல் ஒரு தடித்த பாலாடைக்கட்டித் துண்டும் வந்தன. கோழி எங்கே என்றேன். இதுதான் கோழி என்றார் பரிமாறுகிறவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இந்த ஊர்க்காரர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள் என்று அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனால் வாசலிலேயே கரீம். நெட்டையான ஆள், பெரிய மீசை, குழந்தை மாதிரி கண். என் பெட்டியை வாங்கி, காலணியை வாங்கி, கையில் தேநீரைக் கொடுத்து, அதன்பிறகுதான் பெயரையே கேட்டான். அன்று அவன் சமைத்த புலாவில் கேரட்டும் திராட்சையும் கிடந்தன. பிரியாணிக்குள் பாயசம் தவறி விழுந்தது போல இருந்தது. மூன்று தட்டு சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

மோனிகாவின் அம்மா சமையலறை மூலையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு புன்னகை, அவ்வளவுதான். ஷ்மிட்ஸ் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டேயிருப்பார். அந்த அம்மாள் கிழங்கைத் திருப்புவார். பாவம், வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை முழுக்க மாடியறையில் ஒத்திகை. கரீமுக்கு மட்டும் ஆப்கானிய ராஜாக்கள் எல்லாருடைய வேடமும். நடராஜாவுக்குப் படையெடுத்து வந்தவர்களில் பெரிய கைகள்: அலெக்சாண்டர், செங்கிஸ்கான். முன்னவருக்குத் தலையில் சாதம் வடிக்கும் பாத்திரம், பின்னவருக்கு அதே பாத்திரத்துக்கு மேலே ஒரு கம்பளி.

“அக்கா, நான் யாழ்ப்பாணத்திலை ஒரு கோழியைக்கூட அடிச்சதில்லை. இவன் என்னை ஊர் ஊராக் கொளுத்தச் சொல்லுறான்” என்று நடராஜா அலுத்துக்கொண்டான்.

“பாமியானில் உன் பேரன் செத்துவிட்டான். அந்த ஆத்திரத்தில்தான் கொளுத்துகிறாய். கொஞ்சம் கோபப்படு” என்றான் கரீம்.

“எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை. பேரனுக்கு எங்க போறது?”

எனக்கு முதல் வேடம் பாபர். காபூலைப் பிடித்து, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து, டெல்லியில் உட்கார்ந்துகொண்டு காபூல் முலாம்பழத்தை நினைத்து அழ வேண்டும். அது எளிது. பாலாடைக்கட்டிக் கோழியை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

அடுத்தது அந்த நாட்டின் முதல் ராஜாவாக அகமது ஷா வந்த கதை. கந்தஹார் பக்கம் எல்லாத் தலைவர்களும் கூடி, நான்தான் ராஜா நான்தான் ராஜா என்று கத்திக்கொண்டிருந்தார்களாம். ஒருவன் மட்டும் வாயே திறக்கவில்லை. ஒரு துறவி வந்து, பேசாதவனே ராஜா என்று கோதுமைக் கதிரை அவன் தலைப்பாகையில் செருகினாராம். பிப்ரவரியில் கொலோனில் கோதுமைக் கதிருக்கு எங்கே போவது? ஷ்மிட்ஸ் அம்மாள் சமையலறையிலிருந்து ஒரு வெங்காயத்தாளை நீட்டினார். அதைச் செருகிக்கொண்டு கரீம் கம்பீரமாகத்தான் இருந்தான்.

அதன் பிறகு வந்தது வினை. அகமது ஷாவின் பேரப்பிள்ளைகள் அரியணைக்காக அடித்துக்கொண்டு, அண்ணன் கண்ணைத் தம்பி குருடாக்கினான். அண்ணனும் கரீம், தம்பியும் கரீம். தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டு, ஐயோ தம்பி என்று அலறி, இந்தப் பக்கம் தாவி வந்து, ஹா ஹா என்று தானே சிரித்தான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. கரீமுக்கு முகம் விழுந்துவிட்டது. “இது சோகமான இடம்” என்றான். அதோடு வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அடுத்தது நீங்கள் மறுபடியும் படையெடுத்து வருகிறீர்கள். இந்த முறை வெள்ளைக்காரர்களாக” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. “அதெல்லாம் முடியாது. வெள்ளைக்காரன் எங்களையும்தான் ஆண்டான். நாங்க எப்ப உங்க ஊருக்கு வந்தோம்?”

கரீம் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “குதிரை மேல் வந்த அதிகாரிகள்தான் ஆங்கிலேயர்கள். கீழே நடந்து வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். பனியில் செத்ததும் அவர்கள்தான். எங்கள் ஊரில் இன்றும் பாட்டாகப் பாடுவார்கள்” என்றான்.

அதுவரை படையெடுப்பு என்றால் நம்மிடம் பிறர் வருவது என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஒரு புடவை கட்டிய நாற்பது வயதுக்காரி, கொலோன் மாடியறையில் துடைப்பத்தைக் குதிரையாக வைத்துக்கொண்டு வெட்கப்பட்டு நின்றேன். பிறகு தோளில் முந்தானையைச் செருகி, சரி, எப்போது வர வேண்டும் சொல் என்றேன்.

வியாழக்கிழமை காலை அந்தக் கூடத்துக்குக் கிளம்பினோம். தெருவுக்கு வந்ததும் எனக்கு மூளை குழம்பிவிட்டது. எதிரே இரண்டு சூனியக்காரிகள், ஒரு கோமாளி, வால் வைத்த ஒரு பாட்டி. எல்லாரும் பெண்கள். எல்லார் கையிலும் கத்தரிக்கோல். ஒருத்தி என் புடவையைத் தொட்டுப் பார்த்து, “பிரமாதமான வேடம்! எங்கே வாங்கினீர்கள்?” என்றாள்.

“வேடமா? இது எங்க திருச்சிக் கடைத்தெருவுல வாங்கினதும்மா” என்று தமிழிலேயே சொன்னேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நடராஜா அன்றைக்கென்று புது டை கட்டியிருந்தான். கூடத்து வாசலில் நாலு பெண்கள் அவனை மறித்து, கரக்கென்று அதைப் பாதியில் வெட்டி, கன்னத்தில் ஆளுக்கொரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். அவன் மிச்சத் துண்டைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இந்த ஊர்ச் சனத்துக்கு என்ன நடந்தது?” என்று அழாத குறையாகக் கேட்டான்.

நடந்தது என்னவென்றால், கார்னிவல். கிறிஸ்தவர்களின் நோன்புக் காலத்துக்கு முன்னால் அந்த ஊருக்கு ஒரு வாரம் பைத்தியம் பிடிக்குமாம். அதில் வியாழக்கிழமை பெண்களுடைய நாளாம். அன்று அவர்கள் வைத்ததுதான் சட்டமாம்; கண்ணில் பட்ட ஆணின் டையை வெட்டி முத்தம் கொடுப்பதும் அதில் சேர்த்தியாம். கரீமுக்கும் நடராஜாவுக்கும் கொலோனில் அதுதான் முதல் குளிர்காலம். சரித்திரக் கூட்டம் என்று நம்பி இரண்டு பேரும் நேராகப் போய்ப் பைத்தியத்தின் நடு மடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷ்மிட்ஸ் வேண்டுமென்றுதான் அந்த நாளைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மனிதர் முன்வரிசையில் இருந்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பழங்காலச் சிப்பாய் உடை, இறகு வைத்த சிவப்புத் தொப்பி, இடுப்பில் ஒரு துணிப்பை. பக்கத்தில் அவர் மனைவி, மூக்கில் சிவப்புப் பந்தோடு. பெர்லினிலிருந்து காலையில்தான் வந்திறங்கிய மோனிகா, பூனை மீசை வரைந்துகொண்டு மேடையோரம் நின்று எங்களைப் பார்த்து வாயில் கைவைத்துக்கொண்டாள். கரீமுக்கு முகம் வெளுத்துவிட்டது. “திரும்பிப் போய்விடலாமா?” என்றான்.

“வந்தாச்சு. எங்க ஊர்ல மேடை ஏறின கூத்தை நடுவுல நிறுத்த மாட்டாங்க. ஏறுடா” என்று தள்ளிவிட்டேன்.

அலெக்சாண்டர் பாத்திரத்தோடு வந்தார். கூடம் ஓவென்று கத்தியது. “நான் உலகத்தைப் பிடிக்க வந்தேன். வந்த இடத்தில் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன்” என்று நடராஜா தன் ஜெர்மனில் ஒப்பித்து முடித்ததுதான் தாமதம், மேடையோரம் இருந்த பித்தளை வாத்தியக் குழு எழுந்து பப்பப்பாம், பப்பப்பாம் என்று முழங்கியது. கார்னிவல் மேடையில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அப்படித்தான் முழக்குவார்களாம். நமக்குக் கெட்டிமேளம் மாதிரி. செங்கிஸ்கான் ஊரைக் கொளுத்தினார், கெட்டிமேளம். நான் முலாம்பழத்துக்காக அழுதேன், கெட்டிமேளம். கரீம் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டபோது ஜனங்கள் கைகோத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“எங்கள் ராஜா குருடானதற்கு மேளமா?” என்று கரீம் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் கேட்டான். கண் கலங்கியிருந்தது. நான் ஷ்மிட்ஸைப் பார்த்தேன். மனிதர் தூங்கவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். “நிறுத்தாதே, அவர் முழிச்சிருக்காரு!” என்று கிசுகிசுத்துவிட்டு, துடைப்பக் குதிரையில் ஏறிக் காபூல் மீது பாய்ந்தேன்.

காபூலிலிருந்து பனியில் திரும்பி ஓடும்போது, படை முழுக்கச் செத்து, ஒரே ஒரு டாக்டர் மட்டும் நொண்டிக் குதிரையில் வந்து சேர வேண்டும். நான் படையாகவும் செத்து டாக்டராகவும் வந்து சேர்ந்தேன். மூச்சு வாங்கியது நடிப்பில்லை. புடவை ஆணியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. அதற்கும் கெட்டிமேளம்.

பிறகு கரீமின் ராஜாக்கள் வரிசையாக வந்து போனார்கள். ஆங்கிலேயரிடமிருந்து முழு விடுதலை வாங்கிய ராஜா ஐரோப்பா எல்லாம் சுற்றினார், ஜெர்மனிக்கும் வந்தார், ஊருக்குத் திரும்பிப் பெரியவர்களைக் கோட்டும் தொப்பியும் போடச் சொன்னார், அரியணை போயிற்று. “தொப்பிக்காகவா?” என்று ஷ்மிட்ஸ் இறகுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினார். இன்னொரு ராஜா மாணவர்களுக்குப் பரிசு கொடுக்கும் விழாவில் சுடப்பட்டார். அவர் மகன் நாற்பது வருடம் ஆண்டார். கடைசியில் கரீம் தலைப்பாகையைக் கழற்றினான். “போன கோடையில் அவர் வைத்தியத்துக்குப் போனார். பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரனே வந்து நாற்காலியை எடுத்துக்கொண்டார். நாடு இப்போது குடியரசு. அடுத்து என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சாலை போடத் தெரியும். அவ்வளவுதான்.”

மேடையில் நாற்காலி மட்டும் தனியாகக் கிடந்தது. வாத்தியக்காரர்களுக்கு இது சிரிக்கிற இடமா இல்லையா என்று தெரியவில்லை.

ஷ்மிட்ஸ் எழுந்தார். மூக்கைச் சிந்தினார். இடுப்புப் பையில் கையை விட்டு ஒரு கைப்பிடி மிட்டாயை அள்ளிக் கரீமை நோக்கி வீசினார். ஒன்று அவன் நெற்றியில் பட்டது.

கரீம் சிலையாகிவிட்டான். அடுத்த நொடி முழங்காலில் விழுந்து, சிதறின மிட்டாயை ஒன்று விடாமல் பொறுக்கி, தலைப்பாகைத் துணியில் போட்டு முடிச்சிட்டு, கீழே குதித்து ஷ்மிட்ஸின் கையைப் பிடித்து முத்தமிட்டான். அழுதுகொண்டே தன் மொழியில் ஏதோ சொன்னான். ஷ்மிட்ஸ் அரண்டுபோய் நடராஜாவைப் பார்த்தார்.

“என்னப்பா சொல்றான்?” என்று நானும் பிடுங்கினேன்.

“அக்கா, அவையின்ட ஊரிலை பொம்பிளை கேட்டுப் போனா, சம்மதம் எண்டா பொம்பிளையின்ட ஆக்கள் துணியிலை இனிப்புக் கட்டிக் குடுப்பினமாம். இனிப்புக் குடுத்தாக் கதை முடிஞ்சுது. பிறகு மாத்த ஏலாது.”

அடக் கடவுளே! நம்மூர்க் கணக்கில் தட்டு மாற்றியாயிற்று. அதுவும் ஊர் கூடிய சபையில்.

நடராஜா அதை ஜெர்மனில் சொன்னதும் ஷ்மிட்ஸுக்கு முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்துவிட்டது. “மிட்டாயா? இந்த வாரம் முழுக்க இந்த ஊரில் எல்லாருக்கும் எறிவேனே! போன வருடம் நகராட்சித் தலைவருக்கு எறிந்தேன், அவருக்கா பெண்ணைக் கொடுத்தேன்?” கூடம் அதிரச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேடையைக் காட்டினார். “அந்த நாற்காலியைப் பார். நாளைக்கு அதில் யார் என்று உனக்கே தெரியாது என்கிறாய். நீ நல்லவன், எனக்குத் தெரியும். ஆனால் அங்கே என் பெண்ணைக் கொண்டுபோய்...” பூனை மீசையோடு மோனிகா அழ ஆரம்பித்தாள். அந்த ஒரு நொடி எனக்கு அந்த மனிதர்மேல் கோபமே வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் வேறு எப்படிப் பேசுவான்?

கரீம் துணி முடிச்சை மெல்ல நீட்டினான். “தெரியாமல் கொடுத்திருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்” என்றான்.

அப்போதுதான் அந்த வாயில்லாப் பூச்சி எழுந்தது. ஷ்மிட்ஸ் அம்மாள் மூக்கிலிருந்த சிவப்புப் பந்தைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார். புருஷனுக்கு எதிரே வந்து நின்றார்.

“நாற்பத்தாறில் நீ என்னைக் கட்டிக்கொண்டாயே, அப்போது இந்த ஊரில் யார் ஆட்சி?”

ஷ்மிட்ஸ் மேடைப் பக்கம் திரும்பினார்.

“சொல். இன்று பெண்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.”

“பிரிட்டிஷ் சிப்பாய்கள்.”

“உன் வீட்டுக்குக் கூரை இருந்ததா?”

“தார்ப்பாய் போட்டிருந்தேன்.”

“அதுவும் ஒழுகியது. நாளைக்கு யார் வருவார்கள், என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியுமா அப்போது?”

“தெரியாது.”

“என் அப்பாவிடம் கேட்டாயா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்” என்றார், சின்னக் குரலில்.

“இந்தப் பையன் கேட்டான்” என்றார் அந்த அம்மாள்.

நடராஜா எனக்கு மொழிபெயர்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான், என் அரைகுறை ஜெர்மனே போதுமாக இருந்தது. ஷ்மிட்ஸ் தன் பெண்ணைப் பார்த்தார். பிறகு கரீம் நீட்டிய முடிச்சை அவன் பக்கமே தள்ளினார். இடுப்பிலிருந்த பையை அவிழ்த்தார். அதில் பாதிக்குமேல் மிட்டாய் இருந்தது. இந்த முறை எறியவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய், கரீமின் கையில் கொடுத்தார்.